வெட்டிக்கு இப்போது பெயர் இன்டர்ன்ஷிப்

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னது 2023 அக்டோபரில். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நிறுவனத்தின் ஆண்டறிக்கைக் கணக்குப்படியே, அங்கே நடுவரிசையில் நிற்கும் ஊழியரின் ஊதியத்தைப் போல் 500 மடங்குக்கும் மேல் வாங்குகிறவர் கேட்ட கேள்வி இது.

இரண்டு முறையும் சமூக வலைத்தளங்களில் பெரிய சண்டை நடந்தது. மன அழுத்தம், தூக்கம், குடும்பம் என்று நிறையப் பேர் எழுதினார்கள். எழுதியது எல்லாம் சரிதான். ஆனால் ஒரு கேள்வியை அந்தச் சண்டையில் நான் பார்க்கவில்லை. அந்த 70 மணி நேரம் யாரிடம் இருக்கிறது?

எல்லோருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தானே என்பார்கள். இல்லை தோழர்களே. நிலம் போல, வீடு போல, நேரமும் இந்த நாட்டில் பரம்பரைச் சொத்து. இதை நான் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. ஒரு விடுதியின் இரும்புக் கேட்டிலிருந்து கற்றேன்.

2015 ஜூனில் எம்.ஏ. முடித்த கையோடு சென்னையில் ஒரு வளர்ச்சித்துறை ஆலோசனை நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்னாகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெயரை எழுதினால் 'அது ஒரு மோசமான ஆபீஸ்' என்று சொல்லி மற்ற ஆபீஸ்கள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் பலன்கள் தொழிலாளர்களிடம் போய்ச் சேருகின்றனவா என்று ஓர் அறிக்கை தயாரிப்பது எங்கள் குழுவின் வேலை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் போய் ஆட்களைப் பார்த்துப் பேச வேண்டும், பேசியதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், அட்டவணை போட வேண்டும்.

சம்பளம் கிடையாது. பயணப்படி என்று மாதம் 3,000 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தால் நாளுக்கு 115 ரூபாய் சொச்சம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலி 183 ரூபாய். செய்யாறு பக்கத்தில் என் அம்மா அந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். (அளவெடுத்துக் கழித்துக் கையில் வந்தது அதைவிடக் குறைவு என்பது வேறு கதை.) எனக்கு விடுதிக்கு மட்டும் மாதம் 4,500 ரூபாய். துண்டு விழுந்ததை நிரப்ப அம்மா மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் எடுத்தார். கூலித் தொழிலாளர் உரிமை பற்றி ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை பணம் கொடுத்து எழுதச் சொன்ன அறிக்கை அது. ஏரி வேலைக்குப் போன ஒரு பெண்ணும் அதற்குப் பணம் போட்டிருக்கிறார். நன்றிப் பக்கத்தில் அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருந்தது.

பணத்தை விடுங்கள், நேரத்துக்கு வருகிறேன். ஆபீஸ் காலை பத்து மணிக்கு. பத்திலிருந்து நான்கு வரை எல்லாம் மந்தமாகத்தான் ஓடும். இயக்குநர் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். ஐந்தரைக்குத் தன் அறைக்குத் திரும்பி, காலையில் நாங்கள் அனுப்பி வைத்ததைத் திறப்பார். ஆறரைக்குத் திருத்தங்கள் வரும். ஏழரைக்கு 'ஒரு சின்ன டிஸ்கஷன்'. ஒன்பது மணிக்கு பீட்சா வரும். அடுத்த ஆய்வில் யார் இருப்பார்கள், தில்லிக் கருத்தரங்குக்கு யார் போவார்கள் என்பதெல்லாம் முடிவாவது அந்த பீட்சா மேசையில்தான். வேலை அதிகமாக இருந்ததால் இரவு நீண்டது என்று இன்றுவரை நான் நம்பவில்லை. பகலில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. இரவில் உட்கார்ந்திருப்பது வேலைக்காக அல்ல, விசுவாசத்தைக் காட்டுவதற்காக.

திருவல்லிக்கேணியில் நான் இருந்த பெண்கள் விடுதியில் இரவு ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். நான் எட்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். பீட்சா வரும்போது நான் பேருந்தில் இருப்பேன்.

என்னோடு சேர்ந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குச் சென்னையிலேயே சொந்த வீடு. இரவு எத்தனை மணி ஆனாலும் அப்பா காரில் வந்து கீழே காத்திருப்பார். துவைத்த துணியும் சூடான சாப்பாடும் வீட்டில் இருக்கும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒருவன் எனக்காக இரண்டு துண்டு பீட்சா எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவான், மறுநாள் காலையில் சாப்பிடுவேன். அவனுடைய நேரத்தை அவனுடைய தாத்தா வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் நேர்காணல்களில் பாதிக்கு மேல் நான் செய்தவை. கொத்தனார், சித்தாள் பேசிய தமிழ் எனக்கு வீட்டுத் தமிழ், அதுதான் காரணம்.

நவம்பர் கடைசியில் மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். களப்பணி: மிகச் சிறப்பு. ஈடுபாடு: இன்னும் தேவை, பெரும்பாலும் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார். காலை பத்துக்கு வந்து இரவு எட்டேகாலுக்குக் கிளம்புவது, அதாவது பத்தேகால் மணி நேரம், சீக்கிரமாம். வேலை கிடைத்தது பீட்சா எடுத்து வைத்தவனுக்கு.

இங்கே சாதி எங்கே வந்தது என்று யாராவது கேட்பார்கள். அந்த ஆறு மாதத்தில் யாரும் என் சாதியைக் கேட்கவில்லை, உண்மைதான். கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடிதான் ஏற்பாடு இருந்தது. 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமேனும் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், வேலை கேட்டு வருபவரின் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் பதில் குறைவாகவே வந்தது. பெயரைப் பார்த்து வடிகட்டுவது ஒரு வழி. இரவு ஒன்பது மணிக்கு மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் யார் கையிலும் ரத்தம் படாது.

எங்கள் ஆபீஸில் படிநிலையே கிடையாது என்று இயக்குநர் பெருமையாகச் சொல்வார். தன்னையும் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார். ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு அது முதல் நாளே நாக்கில் வந்துவிட்டது. எனக்குக் கடைசிவரை வரவில்லை, கூப்பிடாமலே சமாளித்தேன். அதே ஆபீஸில் ஓர் உதவியாளர் இருந்தார், ஐம்பது வயதுக்கு மேல். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் எல்லோரையும் சார், மேடம் என்பார். காலை எட்டரைக்கு வந்து ஆபீஸைத் திறப்பவர் அவர். கடைசி ஆள் போன பிறகு பூட்டுபவரும் அவர்தான்.

முதல் மாதத்தில் ஒருநாள் டீ கொடுக்கும்போது கேட்டார்.

"உனக்கு எந்தூரும்மா?"

"செய்யாறு பக்கம்ணா."

"செய்யாறுல எங்க? ஊர்லயா, காலனியா?"

"காலனிதாண்ணா."

"நான் வந்தவாசி காலனி" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் டீயில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அந்த நவம்பர் மழையைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் வெள்ளத்துக்கு முன்பே, நவம்பர் நடுவில், தாம்பரம் தாண்டி முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் குடியிருந்தது அங்கேதான். அன்றைக்குப் பார்த்து அறிக்கைக்குக் கெடு. அந்த ஒருநாள் நானும் விடுதி வார்டனிடம் போனில் கெஞ்சி அனுமதி வாங்கி உட்கார்ந்திருந்தேன். என்னாலும் முடியும் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு. பத்தரைக்கு அண்ணனின் போன் அடித்தது. "பசங்கள மாடி வீட்டுக்கு ஏத்திடு, நான் வந்துடறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வைத்தார். நாங்கள் ஒரு வரைபடத்துக்கு நீலம் நல்லதா பச்சை நல்லதா என்று பேசிக்கொண்டிருந்தோம். முடிய பதினொன்றரை ஆனது. மற்றவர்கள் காரில் போனார்கள். எனக்கு நிறுவனமே டாக்ஸி போட்டுக் கொடுத்தது. அண்ணனுக்கு யாரும் போடவில்லை. அவர் எப்படிப் போவார் என்று நானும் கேட்கவில்லை. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அறிக்கை முடிந்த சந்தோஷம் வேறு.

எங்கள் 'ஈடுபாடு' ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய இரவு இருந்தது. எந்த அட்டவணையிலும் நாங்கள் அதைக் கணக்கெடுக்கவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் என்றால் கூடுதல் கூலி என்பது அதன் கணக்கு. தொழிலாளர் உரிமை பற்றி நூற்றுச் சொச்சம் பக்கம் எழுதிய எங்களில் ஒருவர்கூட, எதிரே டீ டம்ளரோடு நின்றவருக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்லவில்லை.

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு. வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது கூலியில்லாத கட்டாய உழைப்பின் பெயர். பிணத்தை எரிக்கவும், வாய்க்காலைக் காக்கவும், ஊருக்குச் சேதி சொல்லவும் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடியவருக்கு வெட்டியான் என்றே பெயர் வைத்தார்கள். இன்று 'வெட்டியா சுத்துறான்' என்றால் வேலை செய்யாமல் திரிகிறான் என்று பொருள். கூலியே இல்லாமல் இரவும் பகலும் உழைத்தவனின் பெயரைச் சோம்பேறியின் பெயராக மாற்றிக்கொண்ட சமூகம் இது. மராட்டியத்தில் மகர்களைக் கட்டிப்போட்டிருந்த வதன் முறையும் இதே கதைதான். அற்பமான ஒரு மானியத்தைக் காட்டி, அதிகாரி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போக வேண்டும், ஆள் இல்லையென்றால் வீட்டிலிருந்து இன்னொருவர் போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அதற்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். இன்றைக்கு வேலை விளம்பரத்தில் 'எந்நேரமும் தொடர்பில் இருக்க வேண்டும்' என்று படிக்கும்போது எனக்கு வதன் நினைவுதான் வருகிறது.

இன்டர்ன் வந்தது கற்றுக்கொள்ள, பிறகு எதற்குக் கூலி என்பார்கள். சரி, கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறதே. 1961ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டம் உதவித்தொகையைக் கட்டாயமாக்குகிறது. பயிற்சியாளரை இஷ்டத்துக்குக் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது என்கிறது. பட்டியலினத்தவருக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடும் சொல்கிறது. ஐ.டி.ஐ. படித்த பிள்ளைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இந்தப் பாதுகாப்பு எம்.ஏ. படித்த இன்டர்னுக்கு இல்லை. தொழிலாளி என்றும் சொல்ல மாட்டார்கள், பயிற்சியாளர் என்றும் பதிய மாட்டார்கள். 2024 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பாருங்கள். நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சியாம், மாதம் 5,000 ரூபாயாம். அதிலும் 4,500 ரூபாய் அரசாங்கத்தின் பணம். நிறுவனம் போடுவது 500 ரூபாய், அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. அம்பானி, அதானிகள் மாதம் 500 ரூபாய்க்கு ஆள் எடுக்க அரசாங்கமே தரகு பார்க்கிறது. அந்த 5,000 ரூபாயை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெண் விடுதி வாடகையும் கொடுத்துச் சாப்பிட்டும் காட்டட்டும்.

அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்கிறது. 1982இல், ஆசிய விளையாட்டுக்காகத் தில்லியில் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் விரித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்புதான், சாட்டை தேவையில்லை, வறுமையின் நெருக்கடியே போதும் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்ற நெருக்கடியும் அதே தர்க்கத்துக்குள் வரும் என்பது என் வாதம். ஒரு வழக்கறிஞர் தோழர் இதை எடுத்து நடத்தினால் நான் சாட்சி சொல்ல வருவேன்.

உயிர் போன பிறகுதான் இந்த நாடு திரும்பிப் பார்க்கிறது. 2024 ஜூலையில் புனேவில் ஒரு பன்னாட்டுக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதமே ஆன 26 வயதுப் பெண் இறந்தார். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வெளியே வந்த பிறகே மகாராஷ்டிர தொழிலாளர் துறை அந்த அலுவலகத்துக்குப் போனது. வேலை நேரத்தை முறைப்படுத்தும் மாநிலச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகம் 2007இலிருந்து பதிவே செய்யப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பதினேழு வருடம்!

'நாம ரெண்டு மடங்கு உழைச்சாத்தான் அவங்க நம்மள மதிப்பாங்க' என்று என் அப்பா சொல்வார். நம் வீடுகளில் பலரும் சொல்வார்கள், அன்பில்தான் சொல்வார்கள். அப்பாவிடம் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் இதை மேடையில் நின்று நம் தலைவர்களும் அதிகாரிகளும் பிள்ளைகளுக்கு அறிவுரையாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த இரண்டாவது மடங்கைத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே. குழுக் கடனில், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மனசுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்த நேரத்தில், அடையாளத்தை மறைப்பதா சொல்வதா என்று யோசித்த நேரத்தில் அது போய்விட்டது. யாருடைய வருகைப் பதிவேட்டிலும் அது ஏறாது.

நம் பக்கம் மட்டும் சுத்தமா? முற்போக்குப் பதிப்பகங்களில், இயக்கம் சார்ந்த யூடியூப் சேனல்களில், மனித உரிமை அமைப்புகளில் எத்தனை பிள்ளைகள் 'தோழமை'க்காக இரவு இரண்டு மணிவரை வீடியோ வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்? இயக்க வேலைக்குச் சம்பளம் கேட்பது அசிங்கம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். சம்பளம் வேண்டாம் என்று சொல்ல முடிகிற தோழர் யார், அவருடைய வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், நம் அமைப்புகளின் தலைமையில் யார் மிஞ்சுகிறார்கள் என்பதற்கு விடை கிடைத்துவிடும். பல்கலைக்கழகம் பற்றிச் சொன்னால் என் ஆய்வேடு தாண்டாது. வழிகாட்டி வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறிய ஆய்வு மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேலை நேரத்தைக் குறைத்தது எந்த முதலாளியின் கருணையும் இல்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது எட்டு மணி நேரம் இங்கே வெறும் கனவு. 14 மணி நேரத்தை அண்ணல் 8 ஆக்கினார் என்று நாம் சுவரொட்டி அடிக்கிறோம். கணக்கைச் சரியாகச் சொன்னாலே அவருடைய பங்கு பெரிதுதான். 1934 சட்டப்படி ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் இருந்தது. அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது வந்த 1946 திருத்தம் அதை 48 ஆக்கியது. மூர்த்தி கேட்கும் 70 மணி நேரம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தையே தாண்டிப் பின்னால் போகிறது. 2023 ஏப்ரலில், சமூகநீதி பேசும் ஆட்சியிலேயே, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியதே, மறந்துவிட்டோமா? இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று முதல்வரே திரும்பப் பெற்றதாக அறிவித்தார். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்ததால் பத்து நாளில் நடந்தது அது. இன்டர்னுக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இன்டர்னுக்குக் குறைந்தபட்சக் கூலி. எழுத்தில் வேலை நேரம். அந்த நேரத்துக்கு மேல் இருந்ததை 'ஈடுபாடு' என்று மதிப்பெண் போடக் கூடாது. ஆபீஸைப் பூட்டுகிறவருக்கும் இதே நேரம்தான்.

போன மாதம் எங்கள் துறையில் முதலாமாண்டு எம்.ஏ. மாணவி ஒருத்தி இன்டர்ன்ஷிப் படிவத்தோடு வந்தாள். பாடத்திட்டத்தில் இப்போது அது கட்டாயம். படிவங்களைச் சரிபார்க்கும் வேலையை ஆய்வு மாணவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதற்கும் காசு கிடையாது. "அக்கா, ஹாஸ்டல்ல எட்டரைக்கு கேட் மூடிடுவாங்க. அவங்க லேட்டாகும்னு சொல்றாங்க. என்ன பண்றது?" என்று கேட்டாள். படிவத்தைப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர், பொறுப்பாளர், காலம் எல்லாம் அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. வேலை நேரம் என்ற இடம் காலி. உதவித்தொகை என்ற இடத்தில் ஒரு கோடு. இரண்டையும் நிரப்பி, நிறுவனத்தின் முத்திரை வாங்கிக் கொண்டு வா, பிறகு மேலே அனுப்புகிறேன் என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை மின்னஞ்சலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. துறைத் தலைவரிடமிருந்துதான் எனக்குப் போன் வந்தது.